வால் பார்த்தாச்சா?

ரயிலுக்குத் தலைதான் முக்கியம் என்று நினைப்பவர்கள் பயணிகள். கேபினில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் வால்தான் முக்கியம் என்பார்கள். தலை எப்படியும் வந்து சேர்ந்துவிடும். அதில் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். வால் வந்ததா என்பதுதான் கேள்வி. கடைசிப் பெட்டியின் முதுகில் வட்டமாக ஒரு சிவப்புத் தகடு தொங்கும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுசாகப் போயிருக்கிறது, பாதி வழியில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்று அர்த்தம். பார்த்த பிறகு பின்னால் இருக்கும் கேபினுக்குப் போன் போட்டு "வால் பார்த்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தையை நம்பி அங்கே இருப்பவர் அடுத்த வண்டியை விடுவார். இவ்வளவுதான் தொழில். கேட்க சுலபமாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து செய்து பார்த்தால் தெரியும் சேதி.

நடு கேபின் அக்கா அதைப் பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். அந்தத் தடத்தில் வரிசையாக மூன்று கேபின்கள். வண்டி மேல் கேபினைத் தாண்டி, இவளைத் தாண்டி, கீழ் கேபினுக்குப் போகும். இரண்டு கேபின்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். மேல் கேபின்காரரை இவள் அண்ணே என்பாள். கீழ் கேபின்காரன் சின்னவன், இவளை அக்கா என்பான். எல்லாம் போன் உறவு. மேல் கேபின் அண்ணனோடு பதினொரு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை பேசியிருக்கிறாள். நேரில் பார்த்தது மூன்றே தடவை. அவருடைய மகளுக்கு எந்த மாசம் பிரசவம் என்று தெரியும். அவர் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா என்றால், சந்தேகம்தான்.

கேபின் என்பது மாடி மேல் ஒரு கண்ணாடி அறை. ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. உள்ளே பதினெட்டு லீவர்கள். வெறும் கையால் தொடக் கூடாது, வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். அதற்கென்று ஒரு துணி வைத்திருப்பாள். ஒரு லீவரை இழுத்தால் அரைக் கிலோமீட்டர் கம்பி நகர்ந்து சிக்னல் இறங்கும். முதல் வருஷம் தோள்பட்டை கழன்று விழுகிறதோ என்று இருந்தது, பிறகு தோளுக்கே பழகிவிட்டது. மதியச் சாப்பாட்டைத் திறந்து ஒரு வாய் எடுத்து வைத்தால் மணி அடிக்கும். சூடாகச் சாப்பிட்ட நாள் எது என்று கேட்டால், லீவு போட்ட நாள் என்பாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழிப்பறை கேபினில் இல்லை. கீழே இறங்கி, இரண்டு தண்டவாளத்தைத் தாண்டி, என்றைக்கோ மூடிப்போன பழைய ஸ்டேஷன் கட்டடத்தின் பின்பக்கம் போக வேண்டும். ஆண்களுக்குக் கவலையில்லை, வேலியோரம் இருக்கிறது. இவள் காலையில் ஐந்து மணிக்கு அரை டம்ளர் தண்ணீர் குடித்தால் அதற்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்துதான் குடிப்பாள். கேபினிலேயே ஒரு கழிப்பறை வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பத்து நிமிஷம் மாற்றி விட ஒரு ஆள் வேண்டும் என்று ஏழு கடிதம் எழுதியிருந்தாள். ஏழுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது.

ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, தாமதம் என்றால் எத்தனை நிமிஷம், காரணம் என்ன. காரணங்களுக்கு நம்பர் கொடுத்து அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். இன்ஜின் பழுது, சிக்னல் பழுது, தண்டவாளத்தில் மாடு, மழை, மூடுபனி என்று மொத்தம் இருபத்தாறு. மாட்டுக்குக்கூட ஒரு நம்பர் கொடுத்த புண்ணியவான்களுக்கு, சிக்னல் போடுகிறவளுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கும் என்பது தோன்றவில்லை.

சம்பவத்துக்கு முந்தின வாரம் அவளுக்கு அடிவயிற்றில் வலி. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வேலை நாள்லயா, லீவு நாள்லயா?"

டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "ஆத்திரத்தை அடக்கு, மூத்திரத்தை அடக்காதேன்னு உங்க வீட்ல யாரும் சொன்னதில்லையா?"

அவள் பதினைந்து வருஷமாக இரண்டையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருந்தவள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள். மாத்திரை சாப்பிட்டால் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். குடித்தாள். அங்கேதான் வந்தது வினை.

மதியம் இரண்டு இருபதுக்கு மேல் கேபினிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி கிளம்பியது. கூட்ஸ் அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினாலு நிமிஷம் ஆகும். சிக்னலை எல்லாம் இழுத்து வைத்துவிட்டாள், இனி வண்டி போவதைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. பதினாலு நிமிஷம் இருக்கிறது, ஓடிப்போய் ஓடி வந்தால் ஏழு நிமிஷம் என்று கணக்குப் போட்டாள். வேறு வழியும் இல்லை, அவளால் நிற்கவே முடியவில்லை. கழிப்பறைச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வந்தது காலி வண்டி என்பது அவளுக்குத் தெரியாது. சுமை இல்லாத கூட்ஸ், பதினாலு நிமிஷத் தூரத்தைப் பத்தே நிமிஷத்தில் விழுங்கிவிட்டு வந்தது. இவள் உள்ளே எரிச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சுவர் அதிர ஆரம்பித்தது. வண்டி முழுசும் சுவருக்கு அந்தப் பக்கம் போவதைக் காதால் கேட்டாள். வெளியே ஓடிவந்து படியேறி ஜன்னலுக்குப் போனபோது கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிவிட்டிருந்தது. பக்கவாட்டுதான் தெரிந்தது, முதுகு தெரியவில்லை.

லீவரைத் திருப்பிப் போடுவதற்குள் மணி அடித்தது. மேல் கேபின்.

"தங்கச்சி, கூட்ஸ் தாண்டிடுச்சா? பாசஞ்சர் இங்க கிளம்ப ரெடியா நிக்குது. வால் பார்த்தாச்சா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் தலை போகாது. கூட்ஸ் கீழ் கேபினுக்குப் போய்ச் சேரும் வரைக்கும், அங்கே அவன் பார்த்துச் சொல்லும் வரைக்கும், பாசஞ்சர் காத்திருக்க வேண்டும். ஏழெட்டு நிமிஷத் தாமதம். ஆனால் அந்த ஏழெட்டு நிமிஷத்துக்கு ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். அதற்கு முன்னால், ஏன் பார்க்கலை என்று அண்ணன் கேட்பார். பதினொரு வருஷத்தில் அந்தப் போனில் மழை, மருமகன், முட்டிவலி எல்லாம் பேசியிருக்கிறாள். இந்த ஒரு வார்த்தையைப் பேசியதில்லை. நாக்கு எழவில்லை.

"பார்த்தாச்சுண்ணே."

"சரி, விடுறேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் கெட்டிக்காரியும் இல்லை. எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஆறாவது நிமிஷம் கீழ் கேபின்காரன் கூப்பிட்டான்.

"அக்கா, கூட்ஸ் வந்துடுச்சு. ஆனா வாலைக் காணோம். உங்ககிட்ட இருந்துச்சா?"

அவள் மனசுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டு மளமளவென்று பேசினான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை தகடு மட்டும்தான் கழன்று விழும். பெட்டி கழன்றால் காற்றுக் குழாய் அறுந்து வண்டி தானாகவே நின்றுவிடும், நிற்காமல் வந்திருக்கிறது என்றால் பெட்டி எல்லாம் பத்திரம். இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தகடு உனக்கு அப்புறம் எங்கேயோ விழுந்திருக்கிறது என்று முடிந்துவிடும். எல்லாம் நியாயமான பேச்சுதான். ஆனால் காற்றுக் குழாய் அறுந்தும் நிற்காமல் ஓடிய வண்டிகளைப் பற்றி அவள் பயிற்சியில் படித்திருந்தாள். மேல் கேபினுக்கும் அவளுக்கும் நடுவில், குன்றைக் குடைந்து தண்டவாளம் போட்ட ஒரு மலைவெட்டு இருந்தது. அதன் வளைவில் டிரைவருக்கு நூறு அடிக்கு மேல் தெரியாது. பாசஞ்சர் கிளம்பி நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

"இல்லடா. நான் பார்க்கல."

போனை வைத்துவிட்டு மேல் கேபினுக்குப் போட்டாள். "அண்ணே, பாசஞ்சரை நிறுத்துங்க. வாக்கி-டாக்கில கூப்பிடுங்க. நான் வால் பார்க்கல."

"பார்த்தாச்சுன்னு சொன்னியேம்மா."

"பொய்ண்ணே. பொய் சொல்லிட்டேன். நிறுத்துங்க."

அவர் போனைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. பிறகு வாக்கி-டாக்கியில் அவர் கத்துவது தூரத்தில் கேட்டது. அந்த வாக்கி நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. டிரைவர் பதில் சொல்லும் வரை இவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பாசஞ்சரில் முந்நூறு பேர் என்று மட்டும் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. "நின்னுடுச்சு" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் போனை வைத்தாள்.

மலைவெட்டுக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றிருந்தது. பிறகு நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. வழியில் எந்தப் பெட்டியும் இல்லை. கீழ் கேபினில் பெட்டிகளை எண்ணினார்கள், நாற்பத்திரண்டும் இருந்தன. சாயங்காலம் தண்டவாளப் பணியாளர் ஒருவர் ஜல்லியில் கிடந்த தகட்டை எடுத்து வந்தார். எங்கே கிடந்தது தெரியுமா? கீழ் கேபினுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால். அப்படியென்றால் நடு கேபினைத் தாண்டும்போது வால் வண்டியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பார்க்காமலே பார்த்தேன் என்று அவள் சொன்னது, சத்தியமான உண்மை.

இதைக் கேட்டு ஊரே சிரித்தது. அழுகிற வீட்டில்கூடச் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள், இது சும்மா ஒரு தகடுதானே. மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். யூனியன்காரர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டியேம்மா. வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி வழி சொல்லிக்கொடுத்தார். விசாரணையில் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஜன்னல் பக்கம் இருந்தேன், கவனக்குறைவால் வாலைப் பார்க்கத் தவறிவிட்டேன். அதற்குச் சின்ன தண்டனைதான், ஒரு மாதத்தில் கேபினுக்குத் திரும்பிவிடலாம். வண்டி வரும் நேரத்தில் கேபினை விட்டு இறங்கிப் போனேன் என்று எழுதினால் அதற்குப் பெயர் பணியிடத்தைக் கைவிட்டது. கேபின் வேலை போய்விடும், அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் வேலையே போய்விடும்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷின், உள்ளே குடித்தனம். யூனியன்காரர் போகும் வரை மெஷினை மிதிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க சொல்றீங்க?" என்று இவள் கேட்டாள்.

"நான் பிசகினா ஒருத்தனுக்குக் கை தொளதொளன்னு இருக்கும். பிரிச்சுத் தைச்சுடலாம். உன் தொழில்ல யோசனை சொல்ல நான் யாரு?" நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "நீ கேபினுக்குத் திரும்பணும். அது இல்லாம உன்னால இருக்க முடியாது, எனக்குத் தெரியும். லீவு நாள்லயே வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்குப் போய் வால் பார்க்கிறவ நீ. அவங்க கேட்கிற ஒரு வார்த்தையைக் கொடுத்துட்டு வந்துடேன்."

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். வேறு எந்த வேலைக்கும் அவள் தன்னை நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடி அறையும் பதினெட்டு லீவரும் கையை விட்டுப் போய்விடும் என்று நினைக்கவே அவளால் முடியவில்லை.

மூன்றாம் நாள் மேல் கேபின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். போனில் கனமான ஆள் மாதிரி இருப்பார், நேரில் ஒல்லி. முன்னறையில் தைக்கக் கிடந்த துணிகளைத் தள்ளி வைத்து நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை.

"எங்க போயிருந்தே?"

இந்த முறை நாக்கு எழுந்தது. "ஒன்னுக்குப் போயிருந்தேண்ணே."

"இதைச் சொல்றதுக்கு என்னம்மா? எட்டு நிமிஷம் நிறுத்தி வச்சிருப்பேன்."

"வெட்கமா இருந்துச்சுண்ணே."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்தது, ஆனால் கோபத்தைவிட வேறு ஏதோ பெரிசாக இருந்தது. "நான் தூங்கி மூணு நாளாச்சு. அன்னைக்கு ஏதாவது நடந்திருந்தா, பச்சைக்கொடி காட்டின கை என் கை. உன் மூஞ்சியை நான் சரியாப் பார்த்ததுகூட இல்ல. பதினொரு வருஷமா உன் பேச்சைக் கேட்டு வண்டி விட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் கேட்கணும்னுதான் பஸ் ஏறி வந்தேன். இதுக்கு முன்னாடி எத்தனை தடவ?"

"ஒரு தடவகூட இல்லண்ணே. சத்தியமா."

"நம்பணும்னுதான் இருக்கு" என்றார். "ஆனா எப்படி நம்புறதுன்னு தெரியல."

அவர் எழுந்து போன பிறகு அவள் வெகுநேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை, அழுதாள். தையல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம், எங்கேயாவது ஒரு கவுன்டரில் சீட்டு கிழித்துக் கொடுக்கலாம். பேச்சு போய்விட்டால் கேபினில் உட்கார்ந்திருந்தும் என்ன? லீவரை இழுக்க யாராலும் முடியும். சொன்ன சொல்லை நம்பி மறுமுனையில் ஒருவர் வண்டி விடுகிறார் பாருங்கள், அதுதான் அவள் வேலை. கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டால் அது இரண்டாவது பொய். முதல் பொய் திடீரென்று வாயில் வந்தது. இது யோசித்துச் சொல்கிற பொய். அண்ணன் அதையும் படிப்பார், அவர்தான் சாட்சி.

விசாரணை கேபினிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி நல்ல மனுஷன், களைத்துப்போன மனுஷன். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவளுடைய இடத்தில் மாற்று ஆள் லீவர் இழுத்துக்கொண்டிருந்தான். மேல் கேபின் அண்ணன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஏற்கெனவே டைப் அடித்த தாளை மேஜைமேல் வைத்தார். கவனக்குறைவு காரணமாக என்று அதில் இருந்தது, கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"நான் ஜன்னல்கிட்ட இல்ல சார். கீழ பாத்ரூம் போயிருந்தேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, இதை நான் காதுல வாங்கினா எழுதியாகணும். எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"ஏழு நிமிஷம்னு நெனச்சேன்."

"நெனச்சேன்னு எழுத முடியாது. அளந்துதான் எழுதணும்." சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "போயிட்டு வர்றீங்களா?"

மாற்று ஆள் லீவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் தரையைப் பார்த்தார். நாற்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை, மூன்று ஆண்கள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க, கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். போன மாதம் என்றால் செத்தாலும் செய்திருக்க மாட்டாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஓடவில்லை, வழக்கமாகப் போகிற மாதிரிப் போனாள். தண்டவாளத்துக்கு முன்னால் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், கடந்தாள். பூட்டு எப்போதும் போலச் சண்டித்தனம் செய்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரம்மில் தண்ணீர் கால்வாசிதான் இருந்தது. ஒன்றும் செய்யாமல், முப்பது எண்ணிவிட்டு வெளியே வந்தாள். வெட்கம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஏழு நிமிஷம் இருபது செகண்ட்" என்றார் அதிகாரி.

"உள்ள நான் சும்மா நின்னுட்டு வந்ததுக்கு இது சார். அன்னைக்கு எனக்கு உடம்பு வேற சரியில்ல."

அவர் தாளையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரை இழுத்துப் பத்து நாள் பக்கங்களைப் புரட்டினார். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, நம்பிப் போய் வருகிற மாதிரி இடைவெளி மிஞ்சிப்போனால் இரண்டு இருந்தது. அதுவும் வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வந்தால்.

"அப்ப இத்தனை வருஷம் எப்படிம்மா?"

"தண்ணி குடிக்கமாட்டேன் சார்."

அவர் டைப் அடித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எத்தனை மணிக்கு இறங்கினாள், எதற்கு இறங்கினாள், பொய் எத்தனை மணிக்குச் சொன்னாள், எத்தனை மணிக்கு அதை உடைத்தாள். எழுதி முடித்ததும் அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது, அவ்வளவுதான், கேபின் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"இறங்கிப் போனதை நான் புரிஞ்சுக்கிறேன்" என்றார் அதிகாரி. "மேல ஆபீஸ்லயும் எடுத்துச் சொல்றேன். ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்க உட்கார்ந்திருக்கார்." பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்தம்மா திரும்பவும் இங்க உட்கார்ந்து, வால் பார்த்தாச்சுன்னு போன்ல சொன்னா, நீங்க வண்டி விடுவீங்களா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் வேலை அவருடைய வாயில் இருந்தது, அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"உடனே விடமாட்டேன் சார்" என்றார் அண்ணன். "கொஞ்ச நாளைக்கு ரெண்டு தடவ கேட்பேன். நெசமாவே பார்த்தியான்னு கேட்பேன். அவங்களுக்குக் கோபம் வந்தாலும் கேட்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் விடுவேன். முப்பது வருஷ சர்வீஸ் சார் எனக்கு. எத்தனையோ பேர்கிட்ட, வால் பார்த்தாச்சான்னு கேட்டிருக்கேன். எல்லாரும் எப்பவும் பார்த்தாச்சுன்னுதான் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கும் வயிறு இருந்திருக்கும்ல? பார்க்கலன்னு என்கிட்ட சொன்ன ஒரே ஆளு இவங்கதான்."

அதிகாரி பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "இதை எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க சார்" என்றார் அண்ணன். "அவங்களைக் கேட்ட மாதிரி என்னையும் ஒரு கேள்வி கேளுங்க. நான் பார்த்தாச்சுன்னு சொன்னது எல்லாம் பார்த்துச் சொன்னதான்னு கேளுங்க."

அதிகாரி கேட்கவில்லை. அண்ணன் எழுந்து மேஜைக்கு வந்தார், தனக்கென்று இன்னொரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டார்.